ஏழையின் கை பயிற்சிப் பலகையா?

காணி வழக்கொன்றின் பொருட்டு வன்னியிலிருந்து எம்மிடம் வந்த முதிய கமக்காரர் ஒருவர், உறுதிகளை மேசையில் விரிப்பதற்காகக் கையை நீட்டினார். எமது கண்கள் உறுதிகளை விட்டு அந்தக் கையிலேயே தங்கிவிட்டன. முழங்கையின் உட்புறந் தொடங்கி மணிக்கட்டுவரை கருநீலத் திட்டுக்கள். அரிவுவெட்டுக் காலத்தில் வயலில் புடையன் தீண்டியதாம். வைத்தியசாலையிற் சேர்த்தார்கள், உயிர் காத்தார்கள், அதற்காக அவர் கைகூப்பித் தொழுகின்றார். ஆனால் அந்தத் திட்டுக்கள் பாம்பு தீண்டிய காலில் அல்ல, கையில் இருந்தன. மருந்தேற்றுவதற்கு நாளந் தேடிய ஊசிகள் விட்டுச்சென்ற தடங்கள் அவை. எத்தனை தரம் குத்தினார்கள் என்று வினவினோம். ஏழோ எட்டோ, எண்ணவில்லை என்றார். குத்தியவர்கள் யார் என்றோம். "படிக்கிற பிள்ளைகள், தம்பி. அதுகளும் எங்கையோ பழகத்தானே வேணும். என்ர கை கிடந்தது, பழகினதுகள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எம்மைச் சில நாட்களாக உறங்கவிடவில்லை. அவர் குறை சொல்லவில்லை. குறை சொல்ல உரிமையுண்டு என்பதையே அறியாதவர் அவர். இந்த நாட்டின் இலவச வைத்திய சேவை எத்தனையோ நாடுகள் பொறாமைகொள்ளத் தக்க பெரும் பேறு. அதனை நாம் ஒருபோதும் இழித்துரையோம். ஆயினும், அந்தச் சேவைக்கு ஏழை மகன் காசாகக் கொடாததைக் கையாகக் கொடுக்கின்றான் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. ஊசி பிடிக்கக் கற்பவர் எவராயினும், முதன்முதல் ஊசி ஏற்றுவது உயிருள்ள மனிதன் மீதாய் இருத்தல் கூடாது. பயிற்சிப் பொம்மையிலும் பயிற்சிக் கையிலும் தேர்ச்சி காட்டி, அது பதியப்பட்ட பின்னரே கற்பவர் நோயாளியை அணுக வேண்டும். இதுவே எமது கோரிக்கை. இதனை வைத்தியர்களின் தொழில்சார் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இது குடிமகனின் உரிமை பற்றிய விஷயம்.

ஊசி போடுவது அத்தனை பெரிய வித்தையா என்று சிலர் கேட்கலாம். தசையில் இடும் ஊசி தோலுக்குச் செங்குத்தாகச் செல்ல வேண்டும். தோலின் கீழ் இடுவது ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து செல்ல வேண்டும். தோலுக்குள்ளேயே இடுவது தோலோடு ஒட்டிப் படுத்தாற்போல 10, 15 பாகையில் நுழைய வேண்டும். பிருட்டத்தில் இடம் தவறிக் குத்தினால் காலுக்குச் செல்லும் பெருநரம்பு ஊறுபட்டு, நடந்து வந்தவன் கால் இழுத்துப் போகவும் நேரும். இவற்றினும் நுட்பமானது நாளத்தினுள் கனியூலா ஏற்றுதல். மேற்கையைப் பட்டியால் இறுக்கி, புடைத்தெழும் நாளத்தை விரல்நுனியால் தடவி அறிந்து, தோலைத் துடைத்து, ஊசியின் சரிந்த வாய் மேனோக்க, 15 முதல் 30 பாகைச் சாய்வில் நுழைய வேண்டும். பின்புறத்துச் சிறு கூட்டிலே இரத்தம் தோன்றியதும் அங்கேதான் பழகாத கை பிழைவிடும். இரத்தங் கண்ட மகிழ்ச்சியில் அதே சாய்வில் மேலும் தள்ளினால் ஊசி நாளத்தின் மறுசுவரையும் துளைத்துவிடும். அந்தக் கணத்திலே சாய்வைத் தாழ்த்தி, ஊசியை நிறுத்தி, மென்குழாயை மட்டும் உள்ளே வழுக்கவிட வேண்டும். வெளியே இழுத்த ஊசியை மீண்டும் அதே குழாயினுள் செலுத்துதல் ஆகாது; குழாயின் நுனி வெட்டுண்டு உடலினுள்ளே போய்விடக் கூடும். இத்தனையையும் புத்தகத்திற் படித்து அறியலாம். ஆனால் சாய்வைத் தாழ்த்தும் அந்த நொடி விரலுக்குத் தெரிய வேண்டும். விரலுக்குத் தெரிவதற்கு மீண்டும் மீண்டும் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கமக்காரரின் கதைக்கே திரும்புவோம். புடையன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். வைத்தியசாலையில் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது இதனை அறிவதற்கேயாம். உறையாத இரத்தம் ஓடும் உடலில் தவறிய ஒவ்வொரு குத்தும் கசிந்து கண்டிப்போகும். விஷமுறி மருந்தோ நாளத்தின் வழியேதான் செல்ல வேண்டும். தசையில் இட்டுப் பயனில்லை. அம்மருந்தே சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும் என்பதனால், அதற்கு முன் சிறிதளவு அதிரினலினைத் தோலின் கீழ் இடுவதும் எமது நாட்டு வைத்தியசாலைகளின் வழக்கம். ஆக, இருவகை ஊசித் திறனும் ஒரே இரவில், ஒரே கையில், நிமிடக் கணக்கில் வேண்டப்படுகின்றன. வயலில் வாழ்பவனுக்கு இது எங்கோ நடக்கும் கதையன்று. டெங்குக் காய்ச்சலில் துவண்ட குழந்தைக்கும் இதுவேதான். தேர்ந்த கையும் சிலவேளை தவறும். அதிர்ச்சியில் சுருங்கிய நாளம் எவருக்கும் எளிதில் அகப்படாது. அதனை நாம் மறுக்கவில்லை. தேர்ந்தவரே தடுமாறும் இடத்திற்குப் பழகாதவரை முதலில் அனுப்புவது எந்த நியாயம் என்பதே எமது கேள்வி.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கின்றது? எமது நாட்டின் தீங்கியற் சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. தேர்ச்சியின்மையும் குற்றமாகவே எண்ணப்படும் என்பது அதன் பழைய விதி. அவ்விதியை விளக்க வந்த உரோமச் சட்ட நூலார் இருவரை உதாரணங் காட்டினர். ஒருவர் தேர்ச்சியற்ற வைத்தியர். மற்றவர் கோவேறு கழுதைகளை அடக்கத் தெரியாத வண்டிக்காரர். அடக்கத் தெரியாதவன் கடிவாளத்தைப் பிடித்ததே குற்றம் என்றார்கள். மாடு பழக்கத் தெரியாதவனிடம் வண்டியை ஒப்படைக்காத எமது கமக்காரருக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்திலே வில்ஷர் வழக்கு என்று ஒன்று நடந்தது. குறைமாதத்திற் பிறந்த சிசுவொன்றின் நாடியிலே செலுத்த வேண்டிய நுண்குழாயை இளம் வைத்தியர் ஒருவர் நாளத்திலே செலுத்திவிட்டார். அதனால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவென்று கருவி காட்டிற்று. மேலும் மேலும் ஒட்சிசன் கொடுத்தார்கள். குழந்தையின் பார்வை பெரும்பாலும் பறிபோயிற்று. கற்றுக்கொண்டிருப்பவரை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வி 1986-ம் ஆண்டில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் எழுந்தது. ஆளின் அனுபவம் அளவுகோலாகாது, அவர் வகிக்கும் பதவிக்குரிய திறனே அளவுகோல் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கூறினர். அந்த இளம் வைத்தியர் தாம் செய்ததை மூத்தவரிடம் காட்டிக் கேட்டபடியால் தப்பினார்; பார்த்தும் பிழையைக் காணாத மூத்தவரே அகப்பட்டார். போதிய திறனில்லாதவர்களை வேலையில் நிறுத்தும் நிர்வாகம் தானே நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டி வரலாம் என்ற கருத்தும் அத்தீர்ப்பிலே உண்டு. 1988-ல் பிரபுக்கள் சபை, தீங்கு எதனால் விளைந்தது என்பதை மறுபடி விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பியனுப்பியது வேறு விஷயம். இத்தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழிகாட்டத் தக்கது.

இனி, பதினெட்டு, பத்தொன்பது வயதில் தாதியர் பயிற்சிக்குப் புகுந்த எங்கள் வீட்டுப் பெண்பிள்ளையின் பக்கம் நின்று இதனைப் பாருங்கள். முதல் நாள் ஊசி பிடிக்கும் கையிடமும் சட்டம் அந்தப் பணிக்குரிய திறனைக் கேட்கின்றது. அந்தத் திறனைப் பெறும் வழியை அவளுக்கு அளித்தவர் யார்? வழியை அளிக்காமல் வாட்டுக்குள் தள்ளிவிட்டு, பிழை நேர்ந்தால் அவளை மட்டும் கூண்டில் ஏற்றுவதா? 2023-ம் ஆண்டில் வட மாகாணத்தில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுமியின் கை, கனியூலா ஏற்றிய பின் நேர்ந்த கேட்டினால் துண்டிக்கப்பட வேண்டியதாயிற்று. நாடே பதறிற்று. அதில் யார்மேல் பிழை என்று தீர்ப்பது எம் வேலையன்று. நீதிமன்றத்தின் முன் சென்ற விஷயத்தில் நாம் வாய்விடோம். ஆனால் அந்நாட்களில் தெருவெங்கும் எழுந்த குரல் தண்டனையைக் கேட்டதேயன்றி, ஊசிப் பயிற்சி எங்கே, எப்படி, எதன் மீது நடைபெறுகின்றது என்று கேட்டதாக நாம் அறியோம்.

வழக்காடி நீதி பெறலாமே என்போருக்கும் ஒரு வார்த்தை. வழக்காடுவதே எமது தொழில். அதன் எல்லையை நாமறிவோம். இவ்வகைக் கோரிக்கையை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கவலையீனம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது; அதனாலேயே கேடு விளைந்தது என்றும் நிலைநாட்ட வேண்டும். ஒரு சிறுமியின் மரணம் பற்றி எழுந்து நாடறிந்த வழக்கொன்று, இந்தக் காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதற்காகவே 2001-ல் உயர் நீதிமன்றத்திலே தோற்றது. செல்வாக்குள்ள தந்தைக்கே அந்த நிலையானால், இரண்டேக்கர் வயலை ஈடுவைத்துக் கொழும்புக்கு வரும் கமக்காரர் எங்கே நிற்பார்?

உயிரற்றதில் பழகி உயிருள்ளதைத் தொடுதல் மேலைத்தேயத்தார் கண்டுபிடித்த புதுமையென்று எவரும் மலைக்க வேண்டாம். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய சத்திரவைத்திய நூல், சாத்திரத்தைப் பாடமாக்கியவனாயினும் கைப்பழக்கம் இல்லாதவன் தொழிலுக்குத் தகான் என்று கொண்டு, மாணவன் எதனை எதன்மீது பழக வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றது. அறுத்தலைப் பூசணியிலும் சுரையிலும் வெள்ளரியிலும், கீறுதலை மயிரோடு கூடிய தோலிலும், தைத்தலைத் தடித்த துணியிலும் மென்தோலிலும், கட்டுப்போடுதலைத் துணியாற் செய்த மனிதப் பாவையிலும் பழக வேண்டும். நாளந் துளைத்தலை? இறந்த விலங்கின் நாளங்களிலும் தாமரைத் தண்டிலும்! உள்ளே துளையோடும் தாமரைத் தண்டைத் தேர்ந்தெடுத்தவர் நாளத்தைத் தொட்டறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

மேல்நாட்டிலும் இது நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் ஹாட்பேட் நகரத்து வைத்தியசாலை ஒன்று 1911-ல் பொம்மை செய்யும் பெண்மணி ஒருவரிடம் ஆளளவு பாவையொன்றைச் செய்வித்துத் தாதியருக்குப் பயிற்சி கொடுத்தது. 1914-ல் அப்பாவையின் கையிலே ஊசியேற்ற இடமும் வைத்துவிட்டார்கள். 1960-ல் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் லேர்டால் மூச்சூட்டிப் பழகும் பாவையைச் செய்தார். இன்று கிடைக்கும் பயிற்சிக் கையும் விந்தைக் கருவியன்று. கழற்றி மாற்றத்தக்க றப்பர்த் தோல். அதன் கீழே நாளங்களாக ஓடும் மென்குழாய்கள். உயரத்திலே தொங்கும் பையிலிருந்து அவற்றுள் இறங்கும் செந்நிற நீர். ஊசி சரியாக நுழைந்தால் கூட்டிலே செந்நீர் தெரியும். மறுபுறம் துளைத்தால் தோலின் கீழே கசிந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிருட்ட மாதிரிகள் சிலவற்றில் நரம்பிருக்கும் இடத்தை ஊசி தொட்டால் விளக்கெரியும்.

இதற்கும் பணமில்லை என்பார்கள். உத்தியோகச் சொகுசு வாகனம் ஒன்றின் விலையில் எத்தனை பயிற்சிக் கைகள் வாங்கலாம் என்று கணக்குப் பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அதுவும் இயலாதெனில், ஒரு துண்டுப் பஞ்சணை மெத்தை, சிறிது றப்பர்க் குழாய், பழைய சேலைன் பை, சாயங் கரைத்த நீர் ஆகியவற்றைக் கொண்டு கைவினைத் திறனுள்ள எந்த இளைஞனும் ஒரு மாலைப்பொழுதில் ஒன்றைச் செய்துவிடலாம். தசையூசிக்குத் தோடம்பழம் உலகெங்கும் அறிந்த பழைய முறை. களுத்துறையிலும் கேகாலையிலும் எங்கள் மலையகத் தொழிலாளர் சகோதரர் வெட்டும் பாலில் றப்பர் விளையும் இந்த நாட்டிலே, றப்பர்க் கை இல்லை என்று சொல்வது வெட்கக்கேடல்லவா?

எனினும் பொம்மை வந்தவுடன் எல்லாம் வந்துவிட்டது என்று மயங்குவோர் அல்லோம். கற்பிக்கும் நிலையம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம், பெயர் வேண்டாம். கடல் கடந்த எங்கள் மக்கள் மனமுவந்து அனுப்பிய பயிற்சிக் கைகள் கண்ணாடி அலுமாரியினுள் பிளாத்திக்கு உறையும் பிரியாமல் கிடந்தன. பழுதாகிவிடுமாம்! ஆயிரங் குத்துக் குத்திப் பழுதாக்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் குத்தாமற் காத்து, குத்தினால் நோகும் மனிதனைப் பழகக் கொடுத்திருக்கின்றார்கள். தோலும் குழாயும் தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஆகவே ஆண்டுதோறும் அதற்கொரு தொகை ஒதுக்கப்பட வேண்டும். ஒருமுறை நன்கொடை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதால் இது தீராது. பயிற்றுவதற்கு ஆள் வேண்டும். பாடநேர அட்டவணையிலே இடம் வேண்டும். 2022-ன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அனுபவமிக்க வைத்தியரும் தாதியரும் கணிசமாக நாடு நீங்கினர். கற்றுக்கொடுக்கும் கைகள் குறைந்துபோன அளவுக்குக் கருவியின் தேவை மிகுந்துவிட்டது.

பொம்மை கற்றுத் தராதவையும் உள. அதன் நாளம் வழுவி ஓடாது. வெயிலில் உழைத்துத் தடித்த தோல் அதற்கில்லை. அது வீரிட்டு அழுவதுமில்லை. பேசவும் மாட்டாது. இந்தக் கடைசி விஷயம் எமக்கு மிக முக்கியமானது. நோயாளிக்கு ஒரு மொழி உண்டு. குத்தப்போகிறேன் என்று சொல்வதற்கும், சம்மதமா என்று கேட்பதற்கும், கால்வரை மின்னுகிறதா, விறைக்கிறதா என்று வினவுவதற்கும் அவன் மொழி வேண்டும். பிருட்டத்து ஊசி நரம்பைத் தொட்டதை முதலில் அறிபவன் நோயாளி. அதனை அவன் சொல்ல, இவர் விளங்க வேண்டும். சில நாடுகளிலே ஒருவர் தம் கையோடு பயிற்சிக் கையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நோயாளியாக அமர்ந்து பேச, கற்பவர் விடைசொல்லிக்கொண்டே ஊசியேற்றப் பழகுகின்றார். எமது மாவட்டங்களில் இப்பயிற்சி தமிழிலே நடைபெற வேண்டும். தெற்கிலிருந்து இங்கே வரும் சிங்களப் பிள்ளை பத்துத் தமிழ் வசனங்களையும், இங்கிருந்து தெற்கே செல்லும் எங்கள் பிள்ளை பத்துச் சிங்கள வசனங்களையும் இப்படியே பழகட்டும். தமிழில் முடியுமா என்று ஐயுறுவோர், 1847-ல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன் 1860-களிலேயே மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் போதித்ததையும், ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கியதையும் நினைவிற்கொள்வாராக.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். 1987-ன் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் பல ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கையில். போதனா வைத்தியசாலைகளும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளும் மத்திய அமைச்சின் கையில். மருத்துவ பீடங்கள் பல்கலைக்கழகங்களின் கையில். பழகும் இடம் ஒருவருடையது, பழகியவர் வேலை செய்யும் இடம் மற்றொருவருடையது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்புவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் மத்திய சுகாதார அமைச்சரிடம் இதனை எழுத்து மூலம் கேட்க வேண்டும்: எந்தப் பயிற்சிக் கல்லூரியில் எத்தனை பயிற்சிக் கைகள் உள? ஒரு மாணவி வாட்டுக்குச் செல்லுமுன் அவற்றின்மீது எத்தனை முறை ஏற்றிப் பழகுகின்றாள்? அதனை எவர் பார்த்துக் கையொப்பமிடுகின்றார்? விடையை எமது மக்கள் முன் வைக்க வேண்டும். பிரதிநிதிகள் கேட்கத் தவறினால், அவர்களை நாம் கேட்போம்.

எங்கள் மீதுள்ள பிழையையும் மறைக்க வேண்டியதில்லை. உத்தியோகமும் வசதியும் படைத்த நாம் ஊசியென்றால், "பழைய மிசியைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவர்கள். இல்லையேல் தனியார் வைத்தியசாலைக்குப் போகத் தெரிந்தவர்கள். பழகாத கை எமது பிள்ளையை விட்டு விலகி அடுத்த கட்டிலிலே கிடக்கும் கமக்காரரின் பிள்ளையிடம் போகின்றது என்பதை அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிட்டோம். கமக்கார அன்பர்களுக்கும் ஒன்று சொல்வோம். குளிசை போதும் என்று வைத்தியர் சொன்னால் அவரைக் குறைவாக எண்ணி, ஊசியும் சேலைனும் கேட்டு வாங்கும் வழக்கத்தை விடுங்கள். வேண்டாத ஊசியும் ஊசிதான்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. ஊரிலுள்ள வைத்தியசாலைகளுக்கு அபிவிருத்திச் சங்கங்களும் நலன்புரிச் சங்கங்களும் உண்டு. கட்டிடத்துக்கு வர்ணம் பூசவும் வாங்கு வாங்கவும் பணந் திரட்டும் அச்சங்கங்களிலே ஆசிரியரும் சட்டத்தரணியும் கமக்காரரும் ஒன்றாக அமர்கின்றார்கள். அடுத்த கூட்டத்திலே பயிற்சிக் கை ஒன்று இங்கே உண்டா என்று எழுந்து கேளுங்கள். இல்லையென்றால் செய்துகொடுக்க இளைஞரைச் சேருங்கள். உண்டென்றால், அது இருக்கும் அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கின்றது என்று கேளுங்கள்.